மின்சாரம் தாக்கும்போது உடலில் நடப்பது என்ன? பிரேக்கர் வயரைக் காக்கும், மனிதனைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்

"மின்சாரம் தாக்கி ஒருவர் உயிரிழப்பு" என்ற செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். இன்னாலில்லாஹி சொல்லி, ஒரு துஆவும் கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்தச் செய்தியில் பெயர், வயது, ஊர், ஜனாஸா நல்லடக்க நேரம் எல்லாம் இருக்கும். அந்த மின்சாரம் எந்த வழியாக அவரது உடலுக்குள் போனது, அது ஏன் உடனே துண்டிக்கப்படவில்லை என்ற இரண்டு விடயங்கள் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அடுத்த வீட்டில் இன்னொரு மௌத்தைத் தடுக்கக்கூடியவை அந்த இரண்டும்தான்.

புத்தளம் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், கலா ஓயாவுக்கும் வில்பத்துக் காட்டுக்கும் அருகில் இருக்கும் எலுவன்குளம் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் மோட்டார், தோட்டத்தில் நீர்ப் பம்பி, தென்னைக்கும் கஜு மரத்துக்கும் மேலாகப் போகும் மின்கம்பி, ஈரமான மண், உப்புக் காற்று, இரவில் யானை. இவை எல்லாம் மின்சாரத்தோடு சந்திக்கும் இடம் அது. நாட்டின் மிகப் பெரிய அனல் மின் நிலையமான நுரைச்சோலை லக்விஜய இதே மாவட்டத்தில்தான் 900 மெகாவோட் உற்பத்தி செய்யும் கொள்ளளவோடு நிற்கிறது. ஆனால் அந்த மின்சாரம் நம் வீட்டுக்குள் வந்த பிறகு நம்மை எது காக்கிறது என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரியாது. "பியூஸ் இருக்கிறது, பிரேக்கர் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதில் தவறானது. ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் மின்சாரம் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் பறிக்கும்?

இலங்கையில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். வோல்ட் என்பது தள்ளும் அழுத்தம். உடலுக்குள் உண்மையில் ஓடும் மின்னோட்டத்தை அம்பியரில் அளக்கிறார்கள். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி அம்பியர். உடலுக்குச் சேதம் செய்வது இந்த ஓட்டம்தான்.

ஏறத்தாழ 1 மில்லி அம்பியர் ஓடினால் கையில் ஒரு கூச்சம் மட்டும் தெரியும். 10 மில்லி அம்பியரை நெருங்கும்போது தசைகள் இறுகத் தொடங்கும். 20, 30 மில்லி அம்பியரில் மார்புத் தசைகளும் இறுகி மூச்சு எடுப்பது கடினமாகும். 50 மில்லி அம்பியருக்கு மேல் போய், அது ஒரு விநாடி அளவுக்கு நீடித்தால் இதயத்தின் துடிப்பே குலைந்துபோகலாம். பல அம்பியர்கள் ஓடினால் உள்ளே உள்ள சதை வெந்துவிடும்.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்று விளங்க ஓர் ஒப்பீடு. நாம் வீட்டில் எரிக்கும் 9 வோட் எல்.ஈ.டி மின்குமிழ் ஏறத்தாழ 40 மில்லி அம்பியர் எடுக்கிறது. ஒரு சிறிய மின்குமிழை எரிப்பதற்குப் போதுமான மின்னோட்டமே, நெஞ்சின் ஊடாகச் சென்றால், ஒரு மனிதனை ஆபத்தில் தள்ளப் போதுமானது.

சரி, 230 வோல்ட்டைத் தொட்டால் உடலில் எவ்வளவு ஓடும்? அதைத் தீர்மானிப்பது தோலும் தரையும். காய்ந்த தோல் ஓரளவு தடை போடும். வியர்வை, கடல் நீர், உப்பு, கையில் ஒரு வெட்டுக்காயம், இவற்றில் எது இருந்தாலும் தடை குறைந்துவிடும். ஈரக் கையோடு, வெறுங்காலில், கிணற்றடியில் நிற்கும் ஒருவரின் உடல் தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக் கணக்கிடலாம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். மேலே சொன்ன ஆபத்தான எல்லையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். காலில் காய்ந்த இறப்பர் செருப்பு, கீழே உலர்ந்த பலகை இருந்தால் இந்த ஓட்டம் மிகவும் குறையும். ஒருவர் "எனக்கு எத்தனையோ தடவை ஷொக் அடித்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதற்கும், இன்னொருவர் ஒரே அடியில் மௌத்தாவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலும் செருப்பும் ஈரமும்தான். தைரியத்துக்கும் உடற்பலத்துக்கும் அதில் பங்கில்லை.

"கரண்ட் இழுத்துக்கொண்டது" என்பது என்ன?

மின்கம்பியைப் பிடித்தவரைக் கரண்ட் இழுத்து வைத்துக்கொள்கிறது என்று நாம் சொல்வதுண்டு. மின்சாரத்துக்கு இழுக்கும் சக்தி கிடையாது. அவரைப் பிடித்து வைத்திருப்பது அவருடைய சொந்தத் தசைகள்தான். நமது தசைகள் மூளையிலிருந்து வரும் மிகச் சிறிய மின் சமிக்ஞைகளால் இயங்குகின்றன. வெளியிலிருந்து ஒரு விநாடிக்கு 50 தடவை மாறி மாறி வரும் மின்சாரம் நுழைந்ததும், அந்தச் சமிக்ஞைகள் அமிழ்ந்துபோய், கையின் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. ஆகவே கை கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. விட வேண்டும் என்று மூளை சொல்வது கையில் நடப்பதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல், இதைத் தன்னார்வலர்களை வைத்து அளந்து பார்த்தார். கையை விடுவிக்க முடியாமல் போகும் எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி அம்பியர் அளவில் இருந்தது. சிறுவர்களுக்கு இன்னும் குறைவு என்றே கொள்ள வேண்டும். வீட்டில் சலவை இயந்திரம், ரைஸ் குக்கர், அயன், மோட்டார் சுவிட்ச் ஆகியவற்றை அதிகம் தொடுபவர்கள் யார் என்று யோசித்தால், இந்த எண்ணின் பாரம் விளங்கும்.

இதயத்துக்கு நேர்வது

கையிலிருந்து கைக்கு, அல்லது கையிலிருந்து காலுக்கு மின்சாரம் போகும் பாதையில்தான் நெஞ்சு இருக்கிறது. இதயம் தனக்குள்ளேயே ஒரு மின் ஒழுங்கை வைத்துக்கொண்டு துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 விநாடி. அந்தத் துடிப்பின் ஒரு குறுகிய கணத்தில் இதயம் மிகவும் பலவீனமாக இருக்கும். வெளி மின்சாரம் அந்தக் கணத்தில் தாக்கினால், இதயத்தின் தசை நார்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் நடுங்கத் தொடங்கும். இதயம் நின்றுவிடவில்லை, ஆனால் இரத்தத்தைத் தள்ளவும் இல்லை. சில விநாடிகளில் நினைவு போகும். நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படத் தொடங்கும்.

இதனால்தான் நேரம் அவ்வளவு முக்கியம். மின்சாரம் ஒரு முழுத் துடிப்புக்கும் மேலாக நீடித்தால் அந்தப் பலவீனமான கணத்தைத் தப்பவிட வாய்ப்பே இல்லை. மிகச் சிறிய நேரத்துக்குள் துண்டிக்கப்பட்டால், அதே 230 மில்லி அம்பியரும் ஒரு கடுமையான உதறலோடு போய்விடலாம்.

வெளியே தெரியாத காயமும் உண்டு. மின்சாரம் உள்ளே போன இடத்திலும் வெளியே வந்த இடத்திலும் சிறிய கருகல் மட்டும் தெரியும். இரண்டுக்கும் இடையில் உள்ள தசை வெந்திருக்கலாம். அப்படிச் சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்து வந்தால் அது அபாயக் குறி. கூரையிலோ மரத்திலோ இருந்தவர் விழுந்தால் கழுத்தும் முதுகெலும்பும் முறியலாம். மின்சாரம் பட்ட பிறகு நினைவு இழந்தவர், நெஞ்சு வலி அல்லது படபடப்பு உள்ளவர், தீக்காயம் உள்ளவர், கர்ப்பிணித் தாய், உயர் அழுத்தக் கம்பியில் அடிபட்டவர் ஆகியோர் எழுந்து நடந்தாலும் கட்டாயம் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிரேக்கர் யாரைக் காக்கிறது?

இப்போது நமது கேள்விக்கு வருவோம். மெயின் சுவிட்ச் பெட்டியில் வரிசையாக இருக்கும் சிறிய பிரேக்கர்களில் 6, 10, 16, 32 என்று எண்கள் இருக்கும். அவை அம்பியர் அளவுகள். 6 அம்பியர் பிரேக்கர் என்றால் 6000 மில்லி அம்பியர் வரை அது சும்மா இருக்கும். அதைத் தாண்டிச் சூடேறி வயர் தீப்பிடிக்காமல் இருப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பிள்ளையின் உடலில் 230 மில்லி அம்பியர் ஓடுவது அந்தப் பிரேக்கரின் கண்ணுக்கு இன்னும் சில மின்குமிழ்கள் எரிவது போலத்தான். அது விழாது. பழைய பியூஸும் இப்படித்தான்.

மனிதனைக் கணக்கில் எடுக்கும் ஒரே கருவி ட்ரிப் சுவிட்ச். அந்தப் பெட்டியில் மற்றவற்றைவிட அகலமாக, 'டெஸ்ட்' என்று எழுதிய ஒரு சிறிய பொத்தானோடு இருப்பது அதுதான். அதன் வேலை எளிமையானது. ஒரு வயரில் வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் மற்ற வயரில் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். போனது முழுவதும் திரும்பி வரவில்லை என்றால் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவு ஒரு மனிதனின் உடல் வழியாக நிலத்துக்குப் போவதாக இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டும்போது ட்ரிப் சுவிட்ச் முழு மின்சாரத்தையும் துண்டிக்கும். நாம் மேலே கணக்கிட்ட 230 மில்லி அம்பியர் போன்ற பெரிய கசிவு என்றால், நியமத்தின்படி 40 மில்லி விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். இதயம் ஒரு தடவை துடிக்க எடுப்பது 800 மில்லி விநாடி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் உயிர் இருக்கிறது. கையை விட முடியாத எல்லையை அளந்த அதே டால்சியல்தான் 1961இல் அமெரிக்காவில் இப்படியான ஒரு கருவியை உருவாக்கினார்.

உங்கள் ட்ரிப் சுவிட்சின் முகப்பில் 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, மனித உயிருக்குப் போதுமான காவல் ஆகாது.

மணல் நிலத்தில் ஏர்த் கம்பி

"எங்கள் வீட்டில் ஏர்த் அடித்திருக்கிறது, ஆகவே பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். புத்தளம் கரையோரத்தில் இந்த நம்பிக்கை குறிப்பாக ஆபத்தானது. ஏர்த் கம்பி நல்ல ஈரமான களிமண்ணில் இருந்தால் அதன் தடை குறைவாக இருக்கும். காய்ந்த மணலில் 50 ஓம், 100 ஓம் என்று ஏறிவிடலாம். உப்புக் காற்று, கம்பியும் வயரும் சேரும் இடத்தைத் துருப்பிடிக்க வைத்து நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

மோட்டாரின் உள்ளே வயர் பழுதாகி அதன் இரும்பு உடலில் மின்சாரம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏர்த் கம்பியின் தடை 100 ஓம். 230ஐ 100ஆல் வகுத்தால் 2.3 அம்பியர்தான் நிலத்துக்குப் போகும். 6 அம்பியர் பிரேக்கருக்கு இது ஒன்றுமே இல்லை. மோட்டார் வழமை போல் ஓடும், தண்ணீரும் வரும். அதன் உடல் முழுவதும் மின்சாரம் நிற்கும். யாராவது ஈரக் கையால் தொடும் வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. ட்ரிப் சுவிட்ச் இருந்தால், அதே 100 ஓம் ஏர்த் இருந்தாலும், பழுது ஏற்பட்ட அந்தக் கணத்திலேயே மின்சாரம் போயிருக்கும். மணல் நிலத்தில் ஏர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றதை நம்ப முடியாது.

"அடிக்கடி விழுகிறது, டிரெக்ட் பண்ணிவிடுங்கள்"

நமது வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு இங்கேதான். மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். பிள்ளைகள் படிக்க முடியாது, ஐஸ் பெட்டியில் மீன் கெட்டுவிடும். வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இதைத் தாண்டி நேரே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்கிறோம். அவரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டுப் போகிறார். அதன் பிறகு கரண்ட் போவதே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

ட்ரிப் விழுவது நோயல்ல, நோயைச் சொல்லும் காய்ச்சல். எங்கோ மின்சாரம் கசிகிறது. மழையில் நனைந்த வெளி மின்குமிழ் ஹோல்டராக இருக்கலாம், எலி கடித்த வயராக இருக்கலாம், பல்லி செத்துக் கிடக்கும் சுவிட்சாக இருக்கலாம், கிணற்று மோட்டாராக இருக்கலாம். கண்டுபிடிப்பதற்கு எளிய வழி உண்டு. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பிரேக்கர்களை இறக்கிவிட்டு, ட்ரிப்பை மேலே தள்ளுங்கள். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. பிரேக்கர்களில் விழாவிட்டால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். அதற்குப் பிறகு தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரை அழைத்து அந்த ஒரு கோளாறை மட்டும் சரிசெய்துகொள்ளலாம்.

இதே வகையில் இன்னும் சில பழக்கங்கள் உண்டு. பிளக் இல்லாத வயரின் நுனியை உரித்து, தீக்குச்சியால் சுவரில் உள்ள துளைக்குள் இறுக்குவது. மேல் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகுவது. சதுர முள்ளுள்ள 13 அம்பியர் மூன்று முள் பிளக்கே இலங்கையின் தேசிய நியமம். அந்த மேல் முள் அலங்காரத்துக்கு வைத்ததல்ல, அது ஏர்த்.

யானைக்கென்று இழுத்த கம்பி

எலுவன்குளம், வண்ணாத்திவில்லுப் பக்கத்து விவசாயிக்கு யானை ஒரு கதையல்ல. ஒரு போகத்தின் உழைப்பு ஒரே இரவில் அழியும். கடன் மட்டும் மிஞ்சும். அந்த வேதனை உண்மையானது. அதற்காகச் சிலர் செய்வதுதான் பயங்கரமானது. வீட்டு மின்சாரத்தை, அல்லது மேலே போகும் கம்பியில் கொக்கி போட்டு எடுத்த மின்சாரத்தை, தோட்டத்தைச் சுற்றி வெறும் கம்பியில் விடுகிறார்கள்.

முறையான யானை வேலியும் மின்சார வேலிதானே என்று கேட்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். முறையான வேலியில் எனர்ஜைசர் என்ற கருவி இருக்கும். அதன் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். ஆனால் அது ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒரு தடவை, மிகமிகச் சிறிய நேரத்துக்கு மட்டும் ஒரு துடிப்பை அனுப்பும். யானைக்கு நோகும், பயந்து விலகும். அடுத்த துடிப்பு வருமுன் தும்பிக்கையையோ கையையோ எடுக்க நேரம் உண்டு. வீட்டு மின்சாரம் அப்படியல்ல. அது இடைவெளியின்றி ஓடும். தொட்டவர் அதிலேயே இறுகிப்போவார். பனியில் நனைந்த புல், வெறுங்கால், இரவு, பக்கத்தில் யாரும் இல்லை. துண்டிப்பதற்கு எதுவும் இல்லை.

ஏன் எதுவும் இல்லை? வெறும் கம்பி புல்லிலும் செடியிலும் பட்டு எப்போதும் கசியும். ஆகவே ட்ரிப் சுவிட்ச் இருக்கும் இணைப்பில் இந்தக் கம்பி ஓர் இரவுகூட நிற்காது. அதை நிறுத்தி வைப்பதற்காக ட்ரிப்பைத் தாண்டியே இணைப்பு எடுக்க வேண்டும். மெயின் பெட்டியிலேயே அப்படித் தாண்டிவிட்டால், யானைக்காகச் செய்த அந்த வேலை தன் சொந்த வீட்டின் காவலையும் கழற்றிவிடுகிறது. கம்பியில் சிக்குவது யானை மட்டுமல்ல. வழி தவறிய மாடு, விடியற்காலை வயலுக்கு வந்த பக்கத்துத் தோட்டக்காரர், இரவில் வெளியே போன சொந்தப் பிள்ளை. மாடு போன்ற நாற்கால் பிராணிகளின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், இடையில் இதயம் இருக்கிறது. நிலத்தில் பரவும் மின்சாரமே அவற்றைக் கொல்லப் போதும்.

இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் இறக்கின்றன. துப்பாக்கிச் சூடு, வாய்வெடி ஆகியவற்றோடு சட்டவிரோத மின்கம்பியும் அதன் முக்கிய காரணங்களில் ஒன்று. யானையைக் கொல்வதும் மின்சாரத்தைத் திருடுவதும் சட்டப்படி குற்றம். ஒரு மனிதர் இறந்தால் அதற்கும் கம்பி இழுத்தவரே பதில் சொல்ல வேண்டும், இங்கேயும் மறுமையிலும்.

வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில், ஊரையும் வயலையும் சுற்றி விவசாயிகளே கூட்டாகப் பராமரிக்கும் எனர்ஜைசர் வேலிகள் முயன்று பார்க்கப்பட்டு வெற்றி கண்டிருக்கின்றன. பயிர் இருக்கும் காலத்தில் போட்டு, அறுவடைக்குப் பிறகு கழற்றிவைக்கும் வேலியும் அதில் ஒன்று. யானை ஆய்வாளர் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் 2020இல் தயாரான தேசிய செயற்திட்டமும் இந்த வகை வேலிகளையே பரிந்துரைத்தது. விவசாய அமைப்பும் பிரதேச செயலகமும் வனஜீவராசிகள் திணைக்களமும் சேர்ந்தால் நமது பகுதியிலும் இது நடக்கலாம். அதைக் கேட்டு எழுதுவதும் வற்புறுத்துவதும் ஊர்த் தலைவர்களின் பொறுப்பு.

தலைக்கு மேலே, வெள்ளத்துக்குக் கீழே

ட்ரிப் சுவிட்சாலும் காக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அது வீதியில் போகும் உயர் அழுத்தக் கம்பி. 11,000 அல்லது 33,000 வோல்ட் ஓடும் கம்பியைத் தொட வேண்டும் என்றில்லை, போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். 2022 ஏப்ரல் 27ஆம் திகதி அதிகாலை, தமிழ்நாட்டின் தஞ்சாவூருக்கு அருகில் களிமேடு கிராமத்தில் தேர் ஊர்வலத்தின்போது தேரின் மேற்பகுதி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தார்கள். எந்த மதத்து விழாவாக இருந்தாலும் கம்பிக்கு அது தெரியாது. மீலாத் காலத்தில் இரும்புக் குழாயில் கொடி கட்டுவோரும், தேர்தல் காலத்தில் பதாகை ஏற்றுவோரும், அலுமினிய ஏணியைத் தூக்கிச் செல்வோரும், இரும்புக் குழாயில் கொக்கத்தடி செய்து தேங்காய் பறிப்போரும் ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பி அறுந்து நிலத்தில் விழுந்து கிடந்தால் குறைந்தது பத்து மீற்றர் தள்ளி நில்லுங்கள். சுற்றியுள்ள நிலத்திலும் மின்சாரம் பரவியிருக்கும். ஏற்கெனவே அருகில் அகப்பட்டுக்கொண்டால், இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து, காலைத் தூக்காமல், சிறிது சிறிதாக நகர்ந்து விலகுங்கள். எட்டு எடுத்து வைத்து ஓடினால் இரண்டு காலுக்கும் இடையில் மின்சாரம் பாயும். மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது கலா ஓயா எப்படிப் பெருகியது என்பதை எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வீட்டுக்குள் வருமுன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த பிளக், சுவிட்ச், மோட்டார் ஆகியவற்றைக் காயவைத்துப் பரிசோதிக்காமல் மின்சாரத்தைத் திறக்கக்கூடாது. தண்ணீரில் நின்றபடி மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது.

அடிபட்டவரைக் காப்பாற்ற

முதலாவது, அவரைத் தொடாதீர்கள். தொட்டால் அதே மின்சாரம் உங்களுக்கும் வரும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் இறப்பது இப்படித்தான். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், அல்லது பிளக்கைக் கழற்றுங்கள். அதற்கு வழியே இல்லை என்றால், உலர்ந்த பலகையின் மேல் நின்று, உலர்ந்த மரத்தடியாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ கம்பியைத் தள்ளிவிடுங்கள். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் மின்சார சபை துண்டிக்கும் வரை நெருங்கவே கூடாது.

இரண்டாவது, மின்சாரத்தைத் துண்டித்த பின் அவரைத் தாராளமாகத் தொடலாம். உடலில் கரண்ட் தேங்கி நிற்பதில்லை. மண்ணில் புதைத்தால் கரண்ட் இறங்கும், தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பவை எல்லாம் பொன்னான நிமிடங்களை வீணாக்கும் நம்பிக்கைகள். பேச்சு மூச்சு இல்லை என்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை ஒருவர் அழைக்க, மற்றவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் மற்றக் கையை வைத்து, கை மடங்காமல், 5 சென்ரிமீற்றர் அளவுக்குக் கீழிறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். எலுவன்குளத்திலிருந்து புத்தளம் நகருக்கு உள்ள தூரத்தில், அம்பியூலன்ஸ் வரும் வரை மூளைக்கு இரத்தம் போவது அந்தக் கைகளால்தான். களைத்தால் ஆள் மாறுங்கள், நிறுத்தாதீர்கள். நடுங்கும் இதயத்தை வழமைக்குக் கொண்டுவரும் கருவி வந்து சேரும் வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

நாம் செய்யக்கூடியது

நேரம் வந்தால் போகவேண்டியதுதான் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை. கட்ட வேண்டிய கயிறு இங்கே மிகவும் எளிமையானது.

உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து, ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மின்சாரம் இருக்கும் நேரத்தில் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். வீடு இருண்டால் அது உயிரோடு இருக்கிறது. இருளாவிட்டால் அது பழுதாகிவிட்டது, அல்லது யாரோ தாண்டி இணைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் உடனே ஆள் கூப்பிட வேண்டும். இதை மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். அந்தப் பொத்தான் ஏர்த் கம்பியைப் பரிசோதிப்பதில்லை, ஆகவே ஏர்த்தைத் தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் இருக்கிறது என்பதற்காக உயிருள்ள வயரில் கை வைக்கவும் கூடாது. இரண்டு கையாலும் இரண்டு வயரையும் பிடித்தவரை, மின்குமிழிலிருந்து வேறுபடுத்தி அறிய அதனால் முடியாது.

பள்ளிவாசல் நிர்வாக சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹவுலடியில் ஈரக் காலோடு நூற்றுக்கணக்கானோர் நிற்கும் இடத்தில் மோட்டாரும் குளிர்நீர் இயந்திரமும் இருக்கின்றன. அந்த இணைப்புகளை ஒரு தடவை பரிசோதித்துவிட்டு, ஜும்ஆவுக்குப் பின் ஒரு நிமிடம் எடுத்து இந்த 'டெஸ்ட்' பொத்தானைப் பற்றி ஊருக்குச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்த ஒரு விநாடி போதும். செலவு எதுவும் இல்லை.